ஆறே மாதத்தில் புதிய மனிதன்

அந்தச் சிறையின் மறுவாழ்வு மையத்துச் சுவரில், வாசல் தாண்டியதும் கண்ணில் படுகிற மாதிரி, ‘ஆறே மாதத்தில் புதிய மனிதன்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் கண்காணிப்பாளர். அதாவது வாசகத்தைச் சொன்னவர் அவர். ஏணியில் ஏறி எழுதியவன் கள்ளக் கையெழுத்து வழக்கில் உள்ளே வந்தவன். எழுத்து மிக அழகாக இருந்தது.

மையத்தில் நான்கு பயிற்சிகள். தையல் பிரிவில் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஊசி மட்டும் இல்லை, ஏனென்றால் ஊசி ஆயுதப் பட்டியலில் இருந்தது. தச்சுப் பிரிவில் பலகைகள் உண்டு, ரம்பம் கிடையாது. அங்கே சேர்ந்தவர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கலையில் நல்ல தேர்ச்சி பெற்றார்கள். கணினிகள் வந்த நாளில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையோடு இருந்தன. அந்த அறைக்கு மின்சாரம் இழுக்க வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தது.

நான்காவது, பேக்கரி. அது மட்டும் நடந்தது. மாவு பிசையக் கை போதும், கையை ஆயுதப் பட்டியலில் சேர்க்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

பேக்கரியை நடத்தியவனை எல்லோரும் பன் அண்ணன் என்றார்கள். முன்பு லாரி ஓட்டுநர். டைல்ஸ் ஏற்றிப்போன லாரியைப் பாதி வழியில் நிறுத்தி, சரக்கை விற்றுவிட்டு, காலி லாரியை மட்டும் நேர்மையாகக் கொண்டுபோய் ஒப்படைத்தவன். உள்ளே வந்துதான் மாவைத் தொட்டான். இப்போது அவன் போடும் பன் விரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். இரவில் அவன் படுக்கும் கூடத்திலோ ஒருவன் புரண்டால் வரிசை முழுக்கப் புரள வேண்டும், அத்தனை நெரிசல். அந்தக் கூடத்துக்கு மட்டும் விருந்தினர்களைக் கூட்டிப்போகும் வழக்கம் கிடையாது.

விருந்தினர் யார் வந்தாலும் நேரே பேக்கரிக்குத்தான். வந்தவர் பன்னைக் கடித்துக்கொண்டே, “திருந்திட்டியாப்பா?” என்பார். பன் அண்ணன் கை கட்டி, “திருந்திட்டேன் ஐயா” என்பான். கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த ஊரிலேயே அதிக முறை திருந்தியவன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். நன்னடத்தைக்காக முன்னதாகவே வெளியே போகும் தகுதி அவனுக்கு எப்போதோ வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கண்காணிப்பாளர் ‘பயிற்சி இன்னும் நிறைவடையவில்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவார். இதை அவன் மனைவியிடம் சொன்னபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“உங்கள யாருங்க இவ்வளவு நல்லவரா இருக்கச் சொன்னது?”

“கெட்டவனா இருந்தா தண்டனை இன்னும் கூடப் போடுவாங்களே.”

“அதுக்காக ஒரு அளவு வேண்டாமா? துணிக் கடைல பொம்மை மாதிரி உங்கள வச்சுக் காட்டிட்டிருக்காரு அந்த மனுஷன்.” குரலைத் தாழ்த்தினாள். “நம்ம தெரு முனைல, அடுப்போட ஒரு கடை காலியாச்சு. நான் பேசி வச்சிருக்கேன். மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன்னுட்டார் ஓனர். அதுக்கப்புறம் போன் ரிப்பேர்காரனுக்குக் குடுத்துடுவாராம். அவன் தினமும் வந்து சுவத்த அளந்துட்டுப் போறான்.”

அன்று மாலையே பன் அண்ணன் கண்காணிப்பாளர் அறைக்குப் போய் நின்றான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் அன்பாகவே பேசினார்.

“வெளிய போய் என்னப்பா பண்ணப்போற?”

“பன் போடுவேன் ஐயா.”

“அத இங்கயே போடேன். நீ போயிட்டா வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டுறது? பலகையையா?”

அவன் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான் பிளேடு. பேருந்துகளில் பர்ஸ் எடுத்து வாழ்ந்தவன்.

“காட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்கிறாரு, அவ்வளவுதானே அண்ணே? நான் நிக்கிறேன்.”

“நீ போடுற பன்ன யாருடா திங்கிறது?”

“சட்டைக்கு மேல தொட்டே உள்ள இருக்கறது நோட்டா, வெறும் ரசீதான்னு சொல்றவன் நான். மாவு என்ன பெரிய விஷயம்?”

முதல் நாள் பன்னை வார்டர் ஒருவர் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அடுத்ததைப் பூனை முகர்ந்துவிட்டு அவமானப்பட்டதுபோல் போனது. ஆனால் பிளேடு பெருமையடித்ததில் பொய் இல்லை. மாவு பதமாகிற நொடி அவன் விரலுக்குத் தெரிய ஆரம்பித்தது. மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில், முன்விடுதலைக் குழு வருகிறதென்று செய்தி வந்தபோது, பன் அண்ணன் அடுப்பை அவனிடம் விட்டுவிட்டுச் சும்மா நின்றான்.

குழுத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார். கண்காணிப்பாளர் அவரைப் பேக்கரிக்கு அழைத்து வந்து, கையில் கோல் இல்லாததால் அவருடைய பேனாவையே கேட்டு வாங்கி, பேக்கரி வாசலுக்கு எதிர்ச் சுவரில் அந்த வாசகத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டினார். குற்றம் என்பது ஒரு பசி என்றார். மறுவாழ்வு என்பது ஒரு விடியல் என்றார். பன் ஆறிக்கொண்டிருந்தது.

தலைவி இரண்டாவது பன்னை எடுத்தார். “நல்லா இருக்கே. நீங்க போட்டதா?”

கண்காணிப்பாளர் வழக்கமான பதிலுக்குக் கண்ணைத் துடைக்கத் தயாரானார்.

“இல்லீங்க மேடம். இவன் போட்டது.”

“தன்னடக்கம்” என்றார் கண்காணிப்பாளர்.

“இல்லீங்க, நான்தான் போட்டேன்” என்றான் பிளேடு, முழங்கை வரை மாவோடு. “அண்ணன் சொல்லிக் குடுத்தாரு.”

தலைவி பன் அண்ணனின் கோப்பைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“இவருக்கு இது நாலாவது வருஷம். பயிற்சி முடியலைன்னு எழுதியிருக்கீங்க. சுவர்ல ஆறே மாசம்னு போட்டிருக்கு. இவர் இன்னொருத்தருக்கே கத்துக் குடுத்துட்டார். எது தப்பு? சுவரா, நீங்க எழுதினதா?”

கண்காணிப்பாளர் சுவரைப் பார்த்தார். அதை அமைச்சர் திறந்து வைத்திருந்தார். படம் பத்திரிகையில் வந்திருந்தது. கண்காணிப்பாளர் வீட்டுக் கூடத்தில் அதே படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

“சுவர் சரிதான் மேடம்.”

“அப்ப இவருக்கு முடிஞ்சது.” கையெழுத்துப் போடக் கைப்பைக்குள் பேனாவைத் தேடினார். மேசையில் தேடினார். “என் பேனா எங்க?”

எல்லாத் தலைகளும் பிளேடு பக்கம் திரும்பின. ஒரு வார்டர் அவன் காலரைப் பிடித்துவிட்டார்.

பன் அண்ணனின் மனக்கண்ணில் போன் ரிப்பேர்காரன் சாவியை வாங்கிக்கொண்டிருந்தான். “அடப்பாவி. இன்னிக்கா உனக்குக் கை அரிக்கணும்?”

“நான் எடுக்கல அண்ணே.” பிளேடு மாவுக் கைகளைத் தூக்கிக் காட்டினான். “எடுத்தவங்களப் பாத்தேன்.”

“யாரு?” என்றார் தலைவி.

“சொன்னா அடிப்பாங்க.”

“அடிக்க மாட்டாங்க. சொல்லு.”

“ஐயாதாங்க. சுவத்தக் காட்டி முடிச்சதும் அவங்க சட்டைப் பையில போட்டுக்கிட்டாங்க. இடது பக்கம், கர்சீப்புக்குப் பின்னால.” மரியாதை குறையாமல் சேர்த்துக்கொண்டான். “ரொம்பச் சுத்தமான கை மேடம். எனக்கே கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு.”

கண்காணிப்பாளரின் கை தானாகப் பைக்குப் போயிற்று. பேனா வந்தது. முகம் அடுப்பின் நிறத்துக்கு வந்தது.

“மறதி மேடம்.”

“என் கோர்ட்லயும் எல்லாரும் அதத்தான் சொன்னாங்க” என்றார் தலைவி, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. “போகும்போது நாலு பன் கட்டிக் குடுங்க. அப்புறம் இவங்க தூங்கற கூடத்தையும் நான் பாக்கணும்.”

கண்காணிப்பாளர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருக்குத் தெளிவு பிறந்தது. பிளேடின் தண்டனையில் இன்னும் நிறைய வருடம் மிச்சமிருந்தது. அவனைக் கூப்பிட்டு, விருந்தினர் வந்தால் கை கட்டி என்ன சொல்ல வேண்டுமென்று பழக்கினார். பிளேடு பணிவாகக் கற்றுக்கொண்டான். அன்று மதியமே, கள்ளக் கையெழுத்துக்காரனைப் பேக்கரிக்கு இழுத்து வந்து மாவுக்கு முன்னால் நிறுத்தினான்.

மாதத்தின் கடைசி நாள் காலை, பெரிய கதவிலிருந்த சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்தான் பன் அண்ணன். மனைவி வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டு நின்றிருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“திருந்திட்டீங்களா?”

கை தானாகக் கட்டிக்கொண்டது. “திருந்திட்டேன் ஐயா.”

“ஐயாவா?”

அவன் கையை இறக்கினான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தொங்கவிட்டான். அவள் ஒரு சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

“வேகமா நடங்க. அவன் இன்னிக்கும் டேப்பத் தூக்கிட்டு வந்து நிக்கிறான்.”