மருதாணித் தொப்பி

சபாவின் விரல்கள் சும்மா இருந்து பழகாதவை. தாராவியில் ஒரு சட்டைப் பட்டறையில் அவளுக்கு தாகா கட்டிங் வேலை. தைத்து வந்த சட்டையை விரலால் தடவி, எங்கே நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் எடுத்துவிட வேண்டும். அவள் கை பட்ட சட்டையில் மருந்துக்கும் ஒரு பிசிறு மிஞ்சாது. பாழாய்ப்போன அந்த விரல்களுக்குத் துணி எது, தோல் எது என்று தெரியாமல் போனதுதான் வம்பு. தாடையில் ஒரு பரு வந்தது, கிள்ளினாள். புண் காய்ந்து பொருக்குத் தட்டியது. பொருக்கின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கி நிற்பதை விட்டுவைக்கிற விரலா அது? பிய்த்தாள். மறுபடி ரத்தம், மறுபடி பொருக்கு.

வேறு நேரமாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். கோபர்கைரனேயிலிருந்து ராஹில் வீட்டார் நிச்சயம் பேச அடுத்த மாதம் வருவதாக இருந்தார்கள். ராஹிலின் உம்மா சாயிரா அவளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். ராஹிலை சபாவுக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. பெண்ணுக்குத் தோல் வியாதி என்று மாமியார் முகம் சுளித்துவிட்டால் எல்லாம் போயிற்றே என்று பயந்து டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

டாக்டரம்மா சொன்னது எளிய வைத்தியம்தான். வெறும் தண்ணீரில் கழுவு, தேய்க்காமல் ஒற்றியெடு, வாசலின் மெல்லிசாகத் தடவு, வெயில் படாமல் பார்த்துக்கொள், எலுமிச்சை, பற்பசை என்று யார் எதைச் சொன்னாலும் பூசாதே. பொருக்கு தானாக உதிரும், கை மட்டும் வைக்காதே. மற்றதையெல்லாம் சபா ஒழுங்காகச் செய்தாள். கை வைக்காமல் இருப்பதுதான் நடக்கவில்லை. வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்ததும் விரல் தன்பாட்டுக்குத் தாடைக்கு ஏறிவிடும்.

வழி கண்டுபிடித்தவள் அவள் அண்ணன் வாசிமின் மனைவி சஃபீனா. சாயங்காலம் சபா வீடு திரும்பியதும் பத்து விரல் நுனியிலும் மருதாணியை அப்பித் தொப்பி போட்டுவிட்டாள். இனி எந்த நகத்தால் கிள்ளுவது? சோறு ஊட்டிவிட வேண்டியிருந்தது. மூக்கு அரித்தால் ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. வாசிம் தங்கையை மகாராணி என்று கூப்பிட ஆரம்பித்தான். தினமும் வைத்து வைத்து விரல்நுனி சிவப்பைத் தாண்டிக் கறுத்தே போனது. தாடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

ஆனால் சந்து சும்மா இருக்குமா? குமரிப்பெண் கையில் நாள் தவறாமல் மருதாணி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிக்காஹ் தேதி குறித்தாயிற்றாம் என்று குழாயடியில் பேச்சு கிளம்பி, தாதர் மார்க்கெட் வழியாகக் கோபர்கைரனே போய்ச் சேர்ந்தது. எங்களைக் கேட்காமல் யாரோடு தேதி குறித்தார்கள் என்று சாயிரா கொதித்துப்போய், ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பி வந்து வாசலில் நின்றார்.

சபாவுக்கு உயிரே போய்விட்டது. அப்போதுதான் தொப்பி வைத்து முடித்திருந்தது. துப்பட்டாவை இழுத்து முகத்தை மறைக்கக்கூட கை இல்லை. சாயிராவின் கண் முதலில் மருதாணிக்குப் போனது, அடுத்து நேரே தாடைக்கு வந்தது. சஃபீனா முந்திக்கொண்டு, அடுப்பில் எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள். அதை ஒப்புக்கொண்டால் பிழைத்தோம் என்று சபாவுக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டுப் பொய்யை அந்த வீட்டில் காலமெல்லாம் யார் சுமப்பது?

"எண்ணெய்லாம் இல்ல மாமி. நானே கிள்ளுனது. என் கை சும்மா இருக்காது, அதான் மைனி மருதாணிய வச்சுக் கட்டிப்போட்டுருக்காவ."

சாயிரா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பொருக்கின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. அவருடைய கட்டைவிரல் நகம் மெல்ல அதை நோக்கி வந்தது. சபா வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தாள்.

"தொடாதீங்க மாமி. அது தானா விழணும்."

சாயிரா அந்தரத்தில் நின்ற தன் விரலையே ஒரு கணம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ராஹிலு மொகத்துல வந்த பருவ பூரா நாந்தான்ட்டி கிள்ளுனேன். கன்னத்துல குழி இன்னும் கெடக்கு."

அந்தக் குழிகளைச் சின்ன வயதில் அம்மை போட்ட தழும்பு என்று ராஹில் சொல்லியிருந்தான். சபாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாயிரா அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் சஃபீனாவிடம் நீட்டினார்.

"எனக்கும் வச்சி விடுளா. இவ கல்யாணம் முடியற வரைக்கும் எங் கையும் அடங்கிக் கெடக்கட்டும்."

பத்து விரலுக்கும் வைத்துவிட்டு சஃபீனா டீ போட உள்ளே போனாள். சாயிராவின் பையில் போன் அடித்தது. தேதி விஷயம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் ராஹில் அங்கே தவித்துக்கொண்டிருந்தான். விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. மாமியும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எடுக்க இருவருக்கும் கை இல்லை.