ஸல்ஹாவின் கழுத்து வெயில்

1966ஆம் ஆண்டு மாரியில் மூதூரில் ஸல்ஹாவைச் சுற்றி நாலு முழத்துக்கு மழை விழவில்லை. அதே கார்த்திகையில்தான் அவள் கழுத்தின் வலப்பக்கத்தில் புன்னைக்காய் அளவில் ஒற்றைக் கட்டி தெரிந்தது. கணவன் அபூதாஹிர் கருவாட்டு வியாபாரி. ஊரில் எல்லாருடைய மீனும் நனைந்து புழுத்துக்கொண்டிருக்க, அவனுடைய கீரி மீன் மட்டும் மனைவி உட்கார்ந்திருந்த கதிரையைச் சுற்றி விரித்த பாயில் மொறுமொறுவென்று காய்ந்தது. அடுத்த மாரியில் தோப்பூரிலிருந்து ஈர நெல்லும் வண்டியில் வந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. அவளுக்கு எந்தப் பக்கம் இடம் காலி என்று மட்டும் கேட்டார்கள்.

ஆனால் ஸல்ஹா உருகிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சோற்றைச் சாப்பிட்டும் சட்டை தொளதொளத்தது. தேத்தண்ணிக் கோப்பை கையில் நடுங்கியது. இரவில் அவளுடைய நெஞ்சடிப்பு பக்கத்தில் படுத்தவனுக்கும் கேட்டது. லோஞ்சேறிக் குடாவைக் கடந்து திருகோணமலை ஆசுபத்திரிக்குப் போனாள். தவராசா டொக்டர் ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொல்ல, கட்டியும் கூடவே ஏறி இறங்கியது. தைரொயிட்டுச் சுரப்பியில் வந்த கட்டி என்றார். மேசையில் கிடந்த, கை துடைத்த ஈரத் துவாய் அதற்குள் காய்ந்துவிட்டதைப் பார்த்து, யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தார். அவர் அனுப்பிய கொழும்பு ஆசுபத்திரியில் ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். மருந்து முழுவதையும் கட்டியே இழுத்துக்கொண்டது. சுரப்பியின் மிச்சம் சும்மா கிடந்தது. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, ஆனால் விட்டால் இதயத்தை ஓட வைத்தே கொன்றுவிடும் என்றார்கள். தினமும் விழுங்கும் குளிசையால் நெஞ்சை அடக்கிய பிறகுதான் வெட்டலாம். இடையில் குளிசையை நிறுத்தக் கூடாது.

குளிசை தொடங்கியதும் அவள் உடம்பின் வெக்கை குறைந்தது. பாயின் ஓரத்து மீன் முதலில் ஈரமானது. அபூதாஹிர் கெட்டவன் இல்லை, பேராசைக்காரன். இரண்டும் வேறு என்று மூதூரில் இன்னும் சிலர் வாதாடுகிறார்கள்.

"இந்த மாரி முடியுமட்டும் குளிசைய நிப்பாட்டு. பொறகு வெட்டலாம்," என்றான்.

அவளும் நிறுத்தினாள். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மார்கழிப் பெருமழையில் ஒரு காலை அவள் கதிரையிலிருந்து சரிந்தாள். உடம்பு கொதித்தது. நாடி எண்ண முடியாத ஓட்டம் ஓடியது. கூரையின் ஈர ஓலைக் கிடுகு புகைந்தது. அபூதாஹிர் நெல்லை மிதித்துக்கொண்டு ஓடி வந்து அவளைத் தூக்கினான்.

"மாரி வருசா வருசம் வரும்," என்றாள் ஸல்ஹா. "நான் வரமாட்டன்."

கொட்டியாரக் குடாவைக் கடக்கும்வரை அவளை மடியில் வைத்துக்கொண்டு, அழுதழுது குளிசையைப் பொடித்து அவள் வாயில் வைத்தான். மழை லோஞ்சின் இரண்டு பக்கமும் விலகிப் பெய்தது.

பிழைத்தாள். நெஞ்சு அடங்கிய பிறகு கொழும்பில் கட்டியோடு சுரப்பியின் வலப் பாதியை வெட்டி எடுத்தார்கள். குரலுக்குச் சேதமில்லை. கட்டியைப் போத்தலில் போட்டு வைத்த அலுமாரியில் அன்றிலிருந்து பூஞ்சணம் பிடிப்பதில்லை. தாதிமார் மழைநாளில் காலுறையை அங்கேதான் காயப் போடுகிறார்கள்.

அந்த மாரியின் கடைசி மழைக்கு முன்னால் ஸல்ஹா மூதூர் இறங்குதுறையில் வந்து இறங்கினாள். வியாபாரிகள் ஈரச் சாக்குகளோடு காத்து நின்றார்கள். முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது. பிறகு முழு மழையும் விழுந்தது. அபூதாஹிர் அவசரமாகக் குடையை விரித்தான்.

"தள்ளிப் புடிங்க," என்றாள். "கொஞ்சம் குளிரட்டும்."

பல் கிடுகிடுக்க நனைந்துகொண்டு நின்றாள். அவன் குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றான். வியாபாரிகள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.