செலஸ்ரீனாவின் இடத்தில்

இத்தாலியப் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் கொடுத்த பெர்மெஸ்ஸோவை, மனைவியின் வதிவிட அனுமதித் தாளை, ஏர்னஸ்ற் வாசற்படியிலேயே நின்று இரண்டு தரம் வாசித்தான். அற்புதமலர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னாரிலிருந்து அவள் வந்து சேர்ந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அது 1994ஆம் ஆண்டு மாசி மாதம்.

"என்ன போட்டிருக்கு?"

"என்னோடை இருக்கலாமாம். ஒரு வருசத்துக்கு வேலை செய்ய ஏலாது. பிறகு மனுப் போட்டால் விடுவினம்."

"ஒரு வருசம் நான் என்ன செய்யிறது?"

"ஆறுதலா இரும். ஷெல்லுக்கு நடுவிலை ஓடினது காணும்."

ஏர்னஸ்ற் துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் கப்பல் எஞ்சின் திருத்துபவன். கைத்தொழில் தெரிந்தவன் என்பதால் அவனுக்கு ஒழுங்கான வேலைப் பத்திரம் இருந்தது. அற்புதமலருக்கும் தொழில் தெரியும். மன்னார் ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் நேர்ஸாக இருந்தவள். சில நாட்களில் ஒரு வார்டு முழுவதையும் தனியாகப் பார்த்திருக்கிறாள். இப்போது சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடி வீட்டில், காலை ஆறு மணிக்கு அவன் போன பிறகு, பார்க்க ஒருவரும் இல்லை. கழுவிய சுவரையே மறுபடி கழுவினாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இருந்து தன் நாடியைத் தானே பிடித்து எண்ணினாள். எழுபத்திரண்டு. அதை எழுதி வைக்கக் கடதாசித் துண்டு தேடி எழும்பியவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது விமலராணி அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டாள். தேவாலயப் பங்கில் வேலை தேடுகிறவர்களையும் ஆள் தேடுகிற வீடுகளையும் இணைத்துவிடுகிறவள் அவள்தான்.

"பிள்ளை, கால்சாப் பக்கம் ஒரு வயது போன சின்யோரா, இத்தாலிய அம்மா. சீனி வருத்தம், கண் முற்றாத் தெரியாது. பகலிலை பக்கத்திலை இருந்து ஊசி போட ஆள் வேணும். பேப்பர் ஒண்டும் கேக்க மாட்டினம்."

"பிடிபட்டால் இவரின்ரை பெர்மெஸ்ஸோவுக்கும் பிரச்சினை வருமே, அக்கா."

"ஆருக்குத் தெரியப் போகுது? ஒண்டு மட்டும் கேளும். அவ உம்மைச் செலஸ்ரீனா எண்டுதான் கூப்பிடுவா. ஓம் எண்டு சொன்னால் சரி."

செலஸ்ரீனா லெம்பேட் மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரி. ஒன்பது வருடம் அந்த வீட்டில் வேலை செய்தவள். தை மாதம் பேருந்துத் தரிப்பில் தலை நரம்பு வெடித்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. தாயின் இதயம் தாங்காது என்று சின்யோராவின் மகள் ரொசாலியா அதைச் சொல்லவில்லை. ஊருக்குப் போயிருக்கிறாள், வருவாள் என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏர்னஸ்றிடம் அற்புதமலர் ஊசி போடுகிற கதையை மட்டும் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை.

முதல் நாள் சின்யோரா அகாத்தா கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "செலஸ்ரீனா, மெலிந்துவிட்டாய்."

"ஓம், சின்யோரா," என்றாள் அற்புதமலர் இத்தாலிய மொழியில். அப்போது அவளுக்குத் தெரிந்த சொற்களே அவ்வளவுதான்.

மிச்சத்தை அந்தக் கிழவிதான் கற்றுக்கொடுத்தாள். ஆனால் கற்றுக்கொடுப்பதாக அவள் நினைக்கவில்லை, ஞாபகப்படுத்துவதாகத்தான் நினைத்தாள். நீ கோப்பியை இப்படிப் போடுவாய் அல்லவா, துணி மடிக்கும்போது இந்தப் பாட்டைத்தானே முணுமுணுப்பாய், லிப்ட்டுக்குப் பயந்து படியால் ஏறுவாயே. அற்புதமலர் அப்படியே கோப்பி போட்டாள், முணுமுணுத்தாள், படியால் ஏறினாள். பின்னறைக் கொளுக்கியில் செலஸ்ரீனாவின் நீல ஏப்ரன் தொங்கியது. கட்டிலுக்குக் கீழே செருப்பு இருந்தது. ஏப்ரனைக் கட்டினாள். செருப்பை மட்டும் தொடவில்லை.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், சின்யோராவின் பக்கத்தில் இருந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது பின்னறையில் துணி உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு செருப்பை இழுத்து நடக்கிற சத்தம். பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்தாள். போய்ப் பார்த்தாள். யன்னல் பூட்டிக் கிடந்தது. செருப்பு கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. அதற்குப் பிறகும் சில மத்தியானங்களில் அது கேட்டது. அவள் எழும்பிப் போகவில்லை.

"மலர், மலர் எண்டு மூண்டு தரம் கூப்பிட்டிட்டன்," என்றான் ஏர்னஸ்ற் ஒரு நாள். "எங்கை நினைப்பு?"

அவளுக்கு உண்மையாகவே கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, சின்யோரா பேச்சுத் தடுமாறினாள். நெற்றியில் வியர்வை, கை நடுக்கம். சீனி இறங்குகிறது என்று அற்புதமலருக்குத் தெரிந்தது. சீனித் தண்ணீர் எடுத்து வருவதற்குள் கிழவி நினைவிழந்து நாற்காலியில் சரிந்தாள். தண்ணீரைப் பருக்கினால் புரைக்கேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் சீனியைத் தொட்டுக் கன்னத்தின் உட்பக்கம் மெல்லத் தேய்த்தாள். அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மூச்சை எண்ணினாள். அவர்கள் வந்து நரம்பில் ஊசி ஏற்றியதும் கிழவி கண் திறந்தாள்.

"நன்றாகச் செய்திருக்கிறாய்," என்றான் வந்தவர்களில் ஒருவன், பலகையில் தாளை வைத்துக்கொண்டு. "பெயர்?"

"செலஸ்ரீனா லெம்பேட்."

"பிறந்த திகதி?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, ஓகஸ்ற் எட்டு."

அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கதவு சாத்திய பிறகுதான் தான் சொன்னதை நினைத்துப் பார்த்தாள். அந்தத் திகதியை அவளுக்கு எவரும் சொன்னதில்லை. சின்யோரா எப்போதாவது சொல்லியிருப்பாளா என்று எவ்வளவோ யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

அன்று ஏர்னஸ்ற் வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சப்பாத்தைக் கழற்றாமலே இருந்து கேட்டான்.

"செத்த மனிசியின்ரை பேரிலையா இவ்வளவு நாளும் போய் வந்தனீர்?"

"என்ரை பேரிலை போக விடேல்லையே."

அவன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தான். "கிழவியிட்டை சொல்லும். பாவம், அவவுக்கும் தெரியோணும்," என்றான்.

சின்யோரா வீடு திரும்பி நான்காம் நாள், அவள் கட்டிலின் கால்மாட்டில் அற்புதமலர் நின்றாள்.

"சின்யோரா, நான் செலஸ்ரீனா இல்லை. என் பெயர் அற்புதமலர். செலஸ்ரீனா தை மாதம் இறந்துவிட்டாள். பேருந்துத் தரிப்பில். நோவு தெரிந்திருக்காது."

கிழவி அழவில்லை. போர்வையின் ஓரத்தைத் தடவினாள்.

"அப்படியென்றால், மத்தியானத்தில் பின்னறையில் நடப்பது யார்?"

"நானாக இருக்கும், சின்யோரா."

"நீ அப்போது என் பக்கத்தில் இருக்கிறாய். பட்டாணி உரிக்கிறாய். நான் கேட்பது பின்னறையைப் பற்றி."

அற்புதமலர் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். "எனக்கும் கேட்கிறது," என்றாள்.

விஷயம் அறிந்த ரொசாலியா கத்தினாள். உன்னை நம்பி வீட்டுக்குள் விட்டேனே என்றாள். படுக்கையிலிருந்து தாய் அதட்டினாள்: "ஒன்பது வருடம் என் காலைக் கழுவியவளுக்காக நான் ஒரு செபம்கூடச் சொல்லவில்லை. சொல்ல விடாமல் வைத்தது நீ." மகள் அத்தோடு அடங்கினாள். அந்தக் கிழமையே மூவரும் டாக்சி பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

சுவரில் பெட்டி பெட்டியாக அடுக்கிய கல்லறைகளில், கீழிருந்து இரண்டாவது வரிசையில் செலஸ்ரீனா இருந்தாள். வாசி என்றாள் சின்யோரா. அற்புதமலர் குனிந்து வாசித்தாள். பெயர், ஊர். பிறகு பிறந்த திகதி: 8.8.1957. அம்புலன்ஸ்காரனுக்குச் சொன்ன அதே திகதியை அவள் இரண்டு தரம் வாசித்தாள். சின்யோரா கல்லில் வெட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். பிறகு நெற்றியைக் கல்லில் வைத்து அழுதாள். ரொசாலியா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

ஒரு வருடம் முடிந்து, பங்குனியில் வேலை அனுமதி வந்தது. ஆஸ்பத்திரிகள் மன்னாரில் படித்ததை ஏற்கவில்லை. ரொசாலியா அவளை அதே வீட்டு வேலைக்கு, அவளுடைய சொந்தப் பெயரில், முறைப்படி பதிந்தாள். அலுவலகத்தில் அந்த நீளப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஏர்னஸ்ற் பட்டறையில் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கூட வந்தான். திரும்பும் வழியில் அந்தத் தாளை அவளிடம் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலை சின்யோரா அவளை முதல் தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மலர், கோப்பி கொண்டு வா. செலஸ்ரீனாவுக்கும் ஒன்று ஊற்று."

அற்புதமலர் அடுப்படிக்குப் போனாள். மூன்று கோப்பை எடுத்து ஊற்றினாள். ஒன்றைக் கொண்டுபோய்ப் பின்னறைக் கட்டிலின் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்தாமல் வந்தாள். பத்து மணிக்குப் போய் எடுத்தாள். கோப்பி வைத்தபடியே ஆறிக் கிடந்தது. குசினியில் நின்றபடி அதைத் தானே குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதன் பிறகு சின்யோரா உயிரோடு இருந்த இரண்டு வருடமும் அப்படித்தான் நடந்தது. ஏர்னஸ்றிடம் இதை மட்டும் அவள் சொல்லவில்லை.