குளியலறைக் குட்டி

தான் வேலை செய்யும் ஷூ கம்பெனி வாசலில் கிடந்த பூனைக்குட்டியை ஹுமேராதான் தூக்கி வந்தாள். மாமியாரின் பூனை ஷேரு அதை ஏற்காவிட்டால் வெள்ளிக்கிழமை வெளியே விட்டுவிட வேண்டும் என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். குட்டியைக் குளியலறையில் அடைத்து, துணியால் துடைத்து, அந்த வாசத்தை ஷேருவுக்குப் பழக்கினால் சண்டை வராது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஹுமேரா தினமும் துடைத்து, துணியை ஷேருவிடம் நீட்டினாள். ஷேருவோ துணியைக் கண்டாலே சீறிக்கொண்டு பீரோ மேல் ஏறியது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பொறுமை போனது. "சனியனே, உனக்கு இன்னாதான் வேணும்?" என்று துணியை விசிறியடித்தாள்.

கணவன் வக்கார் அதை எடுத்து முகர்ந்தான். "இன்னாடி இது, ஷூ ஒட்டுற சொல்யூஷன் நாத்தம் தூக்குது!"

"கம்பெனியில மிஞ்சின லைனிங் துணிதாங்க. சோப்பு போட்டுத் துவைச்சேன். ஒரு நாத்தமும் இல்லையே?"

"வருஷக்கணக்கா பசை தடவுற மூக்கு. உனக்கு எங்க தெரியப்போவுது?"

அவன் தன் பழைய லுங்கியைக் கிழித்துக் குட்டியைத் துடைத்துக் கொடுத்தான். அவள் நீட்டினாள். ஷேரு மறுபடி சீறியது.

"உன் கையிலயும் அந்த நாத்தம் அடிக்குது. அதான் உன்கிட்ட வரவே மாட்டேங்குது. தள்ளு."

அவன் நீட்டியதும் ஷேரு இறங்கி வந்து முகர்ந்தது. ஒரு முறை உறுமிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

"குட்டி தப்பிச்சிது, போ" என்று வக்கார் சிரித்தான்.

"எடுத்தாந்தது நானு. இனிமே கொஞ்சுறது நீங்களா?" என்று ஹுமேரா வெடித்தாள்.

"கத்தாத. ஷேரு பயந்துக்கப் போவுது."

அவள்தான் வெளியே போய் நின்றாள்.