உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் அருங்காட்சியகத்தில் பூட்டு, சாவி, கீல், தாழ்ப்பாள் தவிர வேறெதுவும் கிடையாது. எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போடுவது என் வேலை. இருபது வருடத்தில் எந்தப் பூட்டும் என்னை ஒன்றும் செய்ததில்லை, போன மாதம் அந்தக் கதவு வரும்வரை.

நிலையோடு பெயர்த்து எடுத்த ஒற்றைக் கதவு. பழைய சாமான் கடையில் வாங்கினார்களாம். கூடத்தின் நடுவே நிறுத்தியிருந்தார்கள். சுற்றிப் போய்ப் பின்னாலும் பார்க்கலாம். போனேன். உள்பக்க மரத்தில் குறுக்கே ஒன்பது கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அக்கா என்னை நிறுத்தி, என் உயரத்துக்குக் கீறியவை. எங்கள் பழைய வீட்டை இடித்த தம்பி இந்தக் கதவைக்கூட விற்றுவிட்டிருக்கிறான், படுபாவி.

அக்கா யாரையோ விரும்பினாள். ஓடிவிடுவாள் என்று அப்பா அவள் அறையின் இந்தக் கதவுக்கு வெளியே பித்தளைத் தாழ்ப்பாள் அடித்தார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஒருநாள் என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். அக்காவுக்குக் காய்ச்சல். மூன்று முறை தட்டினாள்.

"கண்ணு, தொண்ட காயுது. கொஞ்சம் தண்ணி குடுடி."

"சும்மா நடிக்காத. தொறந்தா அப்பா என் தோல உரிச்சிடுவாரு."

சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டேன். சாயங்காலம் அப்பா கதவைத் திறந்தபோது அக்காவுக்கு உயிர் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

இங்கே தினமும் ஐந்து மணிக்குக் கிளம்பும்போது அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டுப் போவேன். காலையில் வந்தால் மூடியிருக்கும்.

"யாரும்மா இத தெனம் தாழ் போடறது?" என்று காப்பாளர் அம்மா கேட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றேன்.

காவல்காரர் சிரித்தார். "பேயா இருக்கும்மா. இவங்கதான் எண்ணெ போட்டு வழுவழுன்னு வச்சிருக்காங்களே, அதுக்கும் வசதியாப் போச்சு!"

நேற்றுக் காலை துடைத்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் யாரோ தட்டினார்கள், மூன்று முறை. சுற்றி ஓடிப் பார்த்தேன். ஒருவருமில்லை. பயத்தைவிட அழுகைதான் பொத்துக்கொண்டு வந்தது. அவள் என்னை மன்னித்தாளா என்று தெரிந்தால் போதும், வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் எல்லோரும் போனபின் தாழ்ப்பாளைக் கழற்றி, உள்பக்கம் என் ஒன்பதாவது கீறலுக்கு மேலே வைத்துத் திருகினேன்.

"இனிமே போடறதும் தொறக்கறதும் உன் கையிலதான்க்கா. மன்னிச்சிட்டேன்னா தொறந்தே வையி."

திறந்தபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கமில்லை.

இன்று காலை கதவைத் தள்ளினேன். அசையவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

"யாரு இத மாத்தினது?" காப்பாளர் அம்மா கத்தினார். "என்ன மரம் மாதிரி நிக்கிற? சுத்திப் போய்த் தொற!"

சுற்றிப் போனால் நாலே எட்டு. நான் போகவில்லை. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, கதவை மூன்று முறை தட்டினேன்.

"அக்கா, நாந்தான். தண்ணி கொண்டாந்திருக்கேன்."

கதவில் காதை வைத்தேன். மறுபக்கம், ரொம்பப் பக்கத்தில், வறண்ட தொண்டையில் அவள் குரல் கேட்டது.

"சும்மா நடிக்காத."