ஸ்டெப்னிப் பூட்டு

மெதெர்பெக்கின் ஜீப் தொலோன் கணவாயில் ஏறும்போது பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. சொந்த ஊரான நாரினில் தம்பி எசென் இறந்து கிடந்தான். மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம். அதற்குள் போய்ச் சேர வேண்டும். இருந்தும் அவருக்குப் பதற்றம் வரவில்லை. போனில் சேதி வந்ததிலிருந்து அழுகையும் வரவில்லை. நெஞ்சு மரத்துப் போயிருந்தது.

ஸ்டெப்னி பின்கதவில் பத்திரமாகத்தான் தொங்கியது. பிஷ்கெக் சந்தையில் இரண்டு தடவை களவுபோன பிறகு, எசென்தான் வந்து அதற்குப் பூட்டு மாட்டினான். "அண்ணே, இனி திருடன் கதவையே கழட்டினாத்தான் உண்டு!" என்று பீற்றிக்கொண்டான். அப்புறம் சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். கேட்டதற்கு, "அடுத்த வாரம் கொண்டாரேன்" என்றான். வாங்கிய எதையும் அவன் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

லாரி ஒன்று கேட்காமலே நின்றது. கணவாயில் நிற்கும் வண்டியைத் தாண்டிப் போகிறவன் அந்தப் பக்கத்தில் மனுஷனே இல்லை.

"சாவி எங்கண்ணே?" என்றான் லாரிக்காரன்.

"தம்பிகிட்ட."

"போனைப் போட்டு நல்லா நாலு திட்டு திட்டுங்க அவனை."

"செத்துட்டான். அங்கதான் போறேன்."

லாரிக்காரன் உள்ளங்கைகளை விரித்து, ஏதோ முணுமுணுத்து, முகத்தில் தடவிக்கொண்டான். பிறகு கடப்பாறையை எடுத்து வந்தான். பூட்டு லேசில் மசியவில்லை. "மாட்டினவன் கெட்டிக்காரன்ணே" என்றான் வியர்வையைத் துடைத்தபடி. அது உடைந்து விழுந்தபோதும் மெதெர்பெக்குக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாவு வீட்டுக்கு வரும் ஆண்கள் தெருவிலிருந்தே வாய்விட்டு அலறிக்கொண்டு வர வேண்டும். மெதெர்பெக் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. ஊமையைப் போல நடந்து போய், உடலை வைக்க வீட்டு முற்றத்தில் போட்டிருந்த கூடாரத்து வாசலில் நின்றார். "கூடப்பொறந்தவன் செத்ததுக்கு இப்படியா?" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அதுவும் உறைக்கவில்லை.

உடலைக் குளிப்பாட்டியவர்களுக்கு இறந்தவனின் உடுப்பு சேரும். எசெனின் கோட்டு சித்தப்பா சோரோன்பாய்க்குக் கிடைத்தது. அவர் பையைத் துழாவிவிட்டு மெதெர்பெக்கிடம் வந்தார்.

"இந்தாடா, இது உன்னோடது."

கம்பியில் கோத்த இரண்டு சாவிகள். ஒன்றுதான் பூட்டோடு வந்தது. மற்றது புதிதாக அராவியது. விளிம்பு இன்னும் சொரசொரத்தது.

"பட்டறையில உக்காந்து அவனே அராவினான். 'எங்கண்ணன் ஒண்ணைத் தொலைச்சிருவாரு சித்தப்பா, நடுவழியில நிக்கக் கூடாதில்ல'ன்னான்."

மெதெர்பெக் சாவிகளைக் கைக்குள் மூடினார். யாரிடமும் சொல்லாமல் திரும்பி வெளியே நடந்தார். தெருமுனை வரை போய் நின்றார். பிறகு, அப்போதுதான் வந்து சேர்ந்தவரைப் போல, "என் தம்பியே! என் தம்பியே!" என்று ஊரே கேட்க அலறிக்கொண்டு வீட்டை நோக்கி வந்தார்.