முத்திரை இல்லாத காற்றுப் பை

அந்தக் கார் தினமும் காலையில் பின்பக்கத்து வலது மூலை சரிந்து, காலை மடக்கிப் படுத்த மாடு மாதிரிக் கிடக்கும். சாவியைத் திருப்பியதும் அடியில் எங்கோ கம்ப்ரசர் முனகும். முனகி முனகிக் காற்றை ஏற்ற, கார் மெதுவாக எழுந்து நிற்கும். அது எழுந்து முடிக்கும்வரை பர்ச்சேஸ்காரர் பக்கத்தில் கைகட்டி நிற்பார். பெற்ற மகன் முதல் அடி எடுத்து வைத்தபோதுகூட மனுஷர் இப்படி நின்று பார்த்ததில்லை என்று அவர் மனைவி சொல்வாள். காருக்கு ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். நன்றாகச் சாப்பிடும், வேலை செய்யாது, ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டால் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்பது அவள் தந்த விளக்கம்.

பர்ச்சேஸ்காரர் என்பது தெருவில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு சிமென்ட் ஆலையில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பேரிங் வந்தாலும் சரி, பெல்ட் வந்தாலும் சரி, பெட்டியைப் பிரித்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து அசலா போலியா என்று சொல்லிவிடுவார். போலி என்றால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவார். அதில் அவருக்கு ஒரு தனி ருசி. சார் இதுவரை திருப்பி அனுப்பாதது சம்சாரத்தை மட்டும்தான் என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கார் முன்பு அந்த ஆலையின் முதலாளி வைத்திருந்தது. அது உள்ளே நுழைந்தால் காவலாளி எழுந்து நிற்பான், ஆபீசில் பேச்சு நின்றுவிடும். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழையதை யாரும் சீண்டவில்லை. வாங்குவது சுலபம், வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பர்ச்சேஸ்காரருக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தோல் இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து கதவைச் சாத்தியதும், வெளிச் சத்தமெல்லாம் சட்டென்று அடங்கியதில் மனுஷர் விழுந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து ஏதாவது ஒன்று. மழை பெய்தால் ஏறாத கண்ணாடி, கோடையில் மட்டும் எரிகிற எச்சரிக்கை விளக்கு. பட்டறைக்கும் வீட்டுக்குமாக நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது.

பிறகு மனைவிக்கு முதுகெலும்பு தேய்ந்தது. சின்னக் குலுக்கல்கூட ஆகாது. ஒரு தடவை பஸ்ஸில் போய்வந்து நான்கு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. ஆனால் இந்தக் காரில் மட்டும் அவளால் வலியில்லாமல் போக முடிந்தது. சக்கரத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவே இரும்புச் சுருள் இல்லை, காற்று அடைத்த ரப்பர் பைகள் இருந்தன. பள்ளத்தை எல்லாம் அவை வாங்கிக்கொண்டன. அன்றிலிருந்து பர்ச்சேஸ்காரரை யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. “பாத்தியா, இதுக்குத்தான் வாங்கினேன்” என்பார், ஏதோ முன்கூட்டியே தெரிந்த மாதிரி. அவளும் மறுக்கவில்லை. கதவைத் திறந்து, தலை இடிக்காமல் கையை வைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து அவர் உட்காரவைக்கும்போது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அவளுடைய அக்கா வேறு ஊரில், காரில் போனால் அரை நாள் தூரத்தில் இருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரி, கணக்குச் சொல்லிக் கொடுத்து, கல்யாணம்வரை கொண்டுவந்து விட்டவள். அந்த அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். படுத்த படுக்கை. டாக்டர் அவள் மகளிடம் உதட்டைப் பிதுக்கிவிட்டாராம். செய்தி வந்த அன்றே கிளம்புவதாக இருந்தார்கள். அன்று காலை சாவியைத் திருப்பினால் கம்ப்ரசர் முனகியது, முனகிக்கொண்டே இருந்தது, கார் எழவில்லை.

கார் இழுவை வண்டியில் பட்டறைக்குப் போனது. மெக்கானிக் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். காற்றுப் பையின் மடிப்பில் குமிழி குமிழியாக வந்தது. பை கிழிந்துவிட்டது, விடாமல் ஓடி ஓடிக் கம்ப்ரசரும் சூடாகிப் போய்விட்டது. மெக்கானிக் பர்ச்சேஸ்காரரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சார், பின்னாடி ரெண்டு பக்கமும் சாதாரண ஸ்பிரிங் போட்டுடறேன். நாளைக்கு மத்தியானம் வண்டி கையில. அம்மா அவங்க அக்காவைப் பாத்துட்டு வரட்டும்.”

கொஞ்சம் குலுக்குமே என்று இவர் கேட்டார். கொஞ்சம் குலுக்கத்தான் செய்யும், மெதுவாகப் போனால் போதும் என்றார் அவர். இவர் குனிந்து காரின் அடியைப் பார்த்தார். அந்த இடத்தில் இரும்புச் சுருளை நினைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் இது அந்தக் காரே இல்லை. அசல் பையையே வரவழைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், “பை வரணும். வந்ததும் கிளம்பிடலாம்” என்றார். ஸ்பிரிங் பேச்சை எடுக்கவில்லை. மறந்து போய் எடுக்காமல் விட்டதாகத் தனக்கே சொல்லிக்கொண்டார். அது பொய்.

அக்கா தினமும் போனில் கேட்பாள். முதலில் கேலியாகத்தான் கேட்டாள். “என்னடி, உங்க மாப்பிள்ளைக்கு உடம்பு தேவலையா?” வண்டி சரியானதும் வருகிறோம் என்று இவள் சொல்வாள். நாளாக நாளாகக் கேலி போய்விட்டது. எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் அவளுடைய மகள்தான் போனைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அக்கா பின்னால் ஏதோ சொல்வது கேட்கும், சொல் பிடிபடாது. இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “வர்றேங்க்கா, இதோ வர்றேன்” என்பாள். பர்ச்சேஸ்காரர் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு நடப்பார். நடந்தாலாவது ஏதோ செய்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் பை வந்தது. மெக்கானிக்கே போன் செய்து வரச் சொன்னார். பெட்டி வெற்றுப் பெட்டி, கார் கம்பெனியின் பெயர் இல்லை. பர்ச்சேஸ்காரருக்கு அங்கேயே முகம் மாறிவிட்டது. பையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பையின் மேலே இருந்த உலோகத் தொப்பியில், கம்பெனி முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், யாரோ அரத்தால் தேய்த்த மாதிரி ஒரு தடம்.

மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். கார் கம்பெனிக்குப் பை செய்து கொடுப்பதும் இந்தத் தொழிற்சாலைதான். வெளியே நேராக விற்கும்போது கம்பெனி முத்திரையைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். அதே அச்சு, அதே ரப்பர். பர்ச்சேஸ்காரர் முப்பது வருஷம் இந்தக் கதையை விதவிதமாகக் கேட்டவர். போலிச் சரக்கு விற்பவன் ஒவ்வொருவனும் இதையேதான் சொல்வான். மெக்கானிக்கின் மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை, அந்த மனுஷரையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தார். கை தானாகவே பையைப் பெட்டிக்குள் வைத்து மூடியது. திருப்பி அனுப்புங்கள் என்றார். வெகு நாள் கழித்துத் தன் வேலையைச் சரியாகச் செய்த நிறைவோடு வீட்டுக்கு நடந்தார். அந்த நிறைவை நினைத்தால் பின்னாளில் அவருக்கு உடம்பு கூசும்.

அடுத்த வாரம், காலையில் காபி ஆறுவதற்குள் போன் வந்தது. அக்காவின் மகள் அழவில்லை. “சித்தப்பா, அம்மா போயிட்டாங்க. சித்திகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றாள்.

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் புடவை மாற்ற உள்ளே போனாள். வெளியே வந்தவள் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வாடகைக் கார் ஒண்ணு கூப்பிடுங்க” என்றாள்.

வந்தது ஒரு சின்னக் கார். இருக்கையில் பஞ்சு தெரிந்தது, ஒரு கதவு உள்ளேயிருந்து திறக்காது, முடுக்கினால் கண்ணாடிகள் எல்லாம் பல்லைக் கடித்தன. டிரைவர் அவளுடைய முதுகைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பயந்துபோய், ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் குரல் கொடுத்தார். பர்ச்சேஸ்காரர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, தானே ஓட்டுவது போலச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் அவள் அவர் கையைப் பிடித்தாள். பாதி வழியில், நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள். வலித்தது, அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவள் உட்கார்ந்திருந்தாள். அரை நாள் முழுக்க உட்கார்ந்தே வந்தாள்.

அக்காவின் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மகள் ஓடி வந்து சித்தியைக் கட்டிக்கொண்டாள். அணைத்து உள்ளே கூட்டிப் போகும்போது திரும்பி, வண்டி சரியாகிவிட்டதா சித்தப்பா என்று கேட்டாள். அந்த நேரத்தில் வாயில் வந்ததைக் கேட்டாள், வேறொன்றும் இல்லை. அவர் இல்லை என்றார். மகள் தெருவில் நின்ற சின்னக் காரைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

மனைவி அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த முடியை விரலால் கோதி ஒதுக்கினாள். குனிந்து காதருகே ஏதோ சொன்னாள். முதுகு வலியில் நிமிர முடியவில்லை. இருவர் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் திரும்பும்போது அதே சின்னக் கார், அதே டிரைவர். ஊர் எல்லையைத் தாண்டி வெகுநேரம் கழித்து  ஒரு பெட்ரோல் பங்கில் டிரைவர் இறங்கிப் போனதும் பர்ச்சேஸ்காரர் சொல்லிவிட்டார்.

“மெக்கானிக் அன்னிக்கே ஸ்பிரிங் போட்டுத் தர்றேன்னாரு. நான்தான் வேண்டாம்னேன்.”

“தெரியும்.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நீங்க குளிச்சிட்டிருந்தப்ப போன் பண்ணினாரு. அம்மா, நீங்களாவது சாருக்குச் சொல்லுங்கன்னாரு. நீங்களா வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்.” அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். “அப்புறம் நாள் ஓடிப்போச்சு. நானாவது ஒரு வாடகைக் காருக்குச் சொல்லியிருக்கணும். வலியை நினைச்சுப் பயந்துட்டேன். இவ்வளவுதான் வலின்னு தெரியாம போச்சு.”

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். பழியில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டாள். அதுதான் அவரை அடித்துப் போட்டது. டிரைவர் திரும்பி வந்தபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஏசியைக் கூட்டட்டுமா என்று டிரைவர் கேட்டார்.

அடுத்த மாதம் அசல் பை வந்தது. கம்பெனிப் பெட்டி, கம்பெனி ஒட்டு, தொப்பியில் முத்திரை. பர்ச்சேஸ்காரர் பையைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை, மாட்டிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். மெக்கானிக் கம்ப்ரசரையும் மாற்றி, துடைத்து, தானே ஓட்டிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கார் நான்கு காலிலும் நேராக நின்றது. ஒரு விரல் அளவுகூடச் சரிவில்லை. பர்ச்சேஸ்காரர் பின்கதவைத் திறந்தார், தலையணையை எடுத்துவந்து வைத்தார், தட்டி மேடு பள்ளம் சரிசெய்தார். மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி ரெடியாயிடுச்சு. எங்கேயாவது போயிட்டு வரலாமா?”

“எங்கே?” என்று கேட்டாள்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. போக ஓர் இடம் இருக்கிறதா என்று உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டாள். பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கதவைப் பிடித்தபடி யோசித்தார். எவ்வளவு யோசித்தும் அக்காவின் ஊரைத் தவிர வேறு ஊர் நினைவுக்கு வரவில்லை.